லாச்சப்பலும் வினைச்சொல் அட்டவணையும்

பாரிஸில் எங்கட கடைகள் நிறைந்த 'லா ஷபெல்' பகுதியை எங்கட ஆக்கள் 'லாச்சப்பல்' எண்டு சொல்லுவினம். சிலருக்கு அது பகிடி. ஆனால் அசை பிரித்துப் பாருங்கோ: லாச்-சப்-பல். பிரெஞ்சுக்காரரின் லா-ஷ-பெல்லும் மூன்று அசைதான். எழுத்தில் கடைசியாக நிற்கிற 'ஈ'க்குச் சத்தமில்லை என்பதைக் காதே பிடித்துவிட்டது.

கொழும்பில் நான் பார்த்த வகுப்புகள் இதற்குத் தலைகீழ். வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ, முதலில் கையில் தருவது வினைச்சொல் அட்டவணை. 'பார்லே' என்றால் கதைத்தல். நான், நீ, அவன், அவர்கள் என்ற நாலுக்கும் எழுத்தில் மூன்று வடிவம். காதுக்கு நாலும் 'பார்ல்', ஒரே அசை. நாங்கள் 'பார்-லோன்', நீங்கள் 'பார்-லே': இரண்டு அசை, அழுத்தம் பின்னதில். (அந்த 'ன்' உண்மையில் 'ன்' இல்லை, மூக்கால் விடுகிற உயிர். எங்கட எழுத்தில் அதற்கு இடமில்லை.) இதை முதலில் கேட்காத பிள்ளை, 'அவர்கள்' வடிவத்தை எழுத்துக்கூட்டி 'பார்லென்ட்' எண்டு வாசிக்கும். பிழை பிள்ளையில் இல்லை.

விளக்கம் ஆங்கிலத்தில் வருவது அடுத்த சிக்கல். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் சொந்த அழுத்தம் உண்டு; 'ரெக்கோட்' பெயரா வினையா என்பதை அதுதான் காட்டும். பிரெஞ்சில் அழுத்தம் சொற்றொடரின் கடைசி அசைக்குப் போகும். 'நூ பார்லோன்' என்றால் 'லோன்' மேல். 'நூ பார்லோன் பியான்' என்று நீட்டினால் 'பியான்' மேல். தமிழிலும் அழுத்தத்தை மாற்றினால் சொல்லின் பொருள் மாறாது. அப்ப ஏன் ஆங்கிலத்தைச் சுற்றிப் போறம்? தமிழிலேயே சொல்லித் தந்தால் மறக்கவேண்டியது குறைவு.

'வெனீர்' (வருதல்) வந்தால் இன்னும் மோசம். நான் 'வியான்', அவர்கள் 'வியென்', ஆனால் நாங்கள் 'வெனோன்', நீங்கள் 'வெனே'. "ஒழுங்கில்லாத வினை, பாடமாக்குங்கோ" என்பதோடு முடிந்துவிடும். காரணம் லத்தீனில் இருக்கிறது. அங்கே நான், நீ, அவன், அவர்கள் வடிவங்களில் அழுத்தம் வேர்மேல் விழுந்தது; வேரின் உயிர் உடைந்து 'இயெ' ஆனது. நாங்கள், நீங்கள் வடிவங்களில் அழுத்தம் விகுதிக்குப் போனதால் வேர் 'வெ' ஆகவே தப்பியது. நான் 'பெ', நாங்கள் 'பூவோன்' என்று மாறுகிற 'முடிதல்' வினைக்கும் இதே கதைதான்.

இதைச் சொல்ல பத்து நிமிஷம் போதும். அட்டவணையை ஒரு மாதம் மூடிவைத்து, மேசையில் தட்டி அசை எண்ணிப் பழக்கலாம். பாரிஸிலிருக்கும் உறவுகளிடம் போகவெண்டு படிக்கிறவைக்கு இது வீண்வேலையாகத் தெரியலாம். அவை எழுதுகிற டெல்ஃப் பரீட்சையில் 100 புள்ளியில் 50, கேட்டலுக்கும் பேசுதலுக்கும்.