கண்ணாடி முன் ஒரு நிமிடம்

நூல் பல கற்ற நாம் நம் உடலைக் கற்றோமா? வாழ்த்துரைகள் நிறைந்த இவ்விழா மலரில் இக்கேள்வி பொருந்தாது எனச் சிலர் கருதலாம். ஆயினும், அட்டன், நுவரெலியாத் தோட்டங்களின் லயங்களிலிருந்து கல்வி தேடி வந்தோர் நம்மிற் பலராதலின், கேளாதிருத்தலும் தகாது.

இலங்கை ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றே. மலைக்குளிரையும் பசியையும் மறக்க வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றை இடையறாது மெல்லும் தோட்டத் தொழிலாளர் அதன் வாயிலிலேயே நிற்கின்றனர். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் விளைப்பதே என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிபு. தாம்பூலம் மங்கலப் பொருளன்றோ எனின், ஆம். தட்டில் வைத்து வழங்குதல் மரபு. நாள் முழுதும் கன்னத்தில் அடக்கி வைத்தல் மரபன்று.

இந்நோய் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே தோன்றுகின்றது. மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று உட்கன்னம், ஈறு, நாவின் ஓரம், அடிநா ஆகியவற்றை நோக்குக. துடைத்தாலும் அகலாத வெள்ளை அல்லது சிவப்புப் படலம், இரு வாரங்களாகியும் ஆறாத புண், கழுத்திற் கட்டி, உறைப்புப் பட்டால் எரிவு, வாயை முன்போல் திறக்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்றைக் காணினும் வைத்தியரை நாடுக. வலியில்லையே என்று வாளாவிருத்தல் பேதைமை. தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலிப்பதில்லை.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வொன்றில், பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர் வாயைப் பார்வையிட்டு, ஐயத்துக்குரியோரை வைத்தியரிடம் அனுப்பினர். புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்று மரணம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்தது.

மாணவத் தம்பியருக்கும் ஒரு சொல். பதினைந்து முதல் நாற்பது வயதுக்குட்பட்டோரைப் பெரிதும் தாக்கும் விதைப்புற்று, வலியற்ற சிறு கட்டியாகவே பெரும்பாலும் தோன்றும். வெந்நீரிற் குளித்தபின் கையால் தடவி அறிக. காலத்தே கண்டால் பெரும்பாலும் குணமாகும் நோயை வெட்கத்தின் பொருட்டு வளரவிடுதல் ஆண்மையாகாது.

ஒரு நாட்பெயர் போய்விடுமென அஞ்சி ஆஸ்பத்திரிக்குச் செல்லாத தொழிலாளியைக் குறைகூறுதல் எளிது. அந்நாளுக்குரிய கூலியைத் தோட்ட நிருவாகங்கள் வழங்குதல் வேண்டும். நம் பழைய மாணவர் சங்கமோ, பேராதனைப் பல் வைத்திய பீடத்தாரின் உதவியை வேண்டி, தோட்டக் கோயில் திருவிழா நாட்களில் வாய்ப் பரிசோதனை நடத்துதல் வேண்டும். நம்மைப் படிக்க வைத்த கரங்கள் கொழுந்தெடுத்த கரங்கள். அவர்தம் வாயைத் திறந்து பார்க்கவும் நேரமில்லையெனின், நாம் கொண்டாடும் விழா எவருக்காக?