பழைய கணினிக்குப் புதுவேகம்

வலியசாலையின் பழைய அக்கிரகார வீடுகளில் ஓடு உடைந்தால், அந்த ஓடு மட்டுமே மாற்றப்படும், வீடு இடிக்கப்படுவதில்லை. வேகம் குறைந்த கணினிக்கும் இம்முறையே பொருந்தும்.

கணினி மெதுவாக இயங்குவதற்கு அதன் வயது மட்டுமே காரணமன்று. இயக்கியவுடன் தாமே தொடங்கும் தேவையற்ற செயலிகள், நிரம்பிய வன்தட்டு, போதாத நினைவகம் ஆகியவையும் வேகத்தைக் குறைக்கும். தேவையற்றவற்றை நீக்குவதற்குச் செலவில்லை. வன்தட்டுக்கு மாற்றாக எஸ்.எஸ்.டி. பொருத்தினால், கணினி விரைந்து இயங்கும். புதுக் கணினியின் விலையில் சிறு பகுதியே செலவாகும். கேரளப் பள்ளிகளில் பயன்படும் கட்டணமற்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் வீட்டுக் கணினியில் நிறுவலாம்.

புதியது வாங்க இயலாத குடும்பத்தின் பிள்ளைக்குச் சீர்செய்த கணினியே கல்விக்கருவியாகும். தூக்கி எறியப்படும் கணினியிலுள்ள ஈயமோ மண்ணைக் கெடுக்கும். ஆதலால், மாற்றுவதற்கு முன் சீர்செய்து பார்ப்பதே அறிவுடைமை.