நம்பர் மோகம்

சில வருஷங்களாகச் செல்பேசிகளிலே ஒரு விளம்பரம் உலவி வருகிறது. டிராக்டர் படம் போட்ட பழைய ஐந்து ரூபாய் நோட்டு உங்களிடம் இருக்கிறதா, அதன் நம்பரில் 786 வருகிறதா, அப்படியானால் நீங்கள் லக்ஷாதிபதி என்பது அதன் சாரம். இதைக் கண்டவுடன் பெட்டியையும் அஞ்சறைப் பெட்டியையும் கவிழ்த்துப் பார்க்கும் ஜனங்கள் ஏராளம். தேடுவதில் பாதகமில்லை. தேடிய பின் நடப்பதே விபரீதம்.

விளம்பரத்தில் கண்ட எண்ணுக்குப் பேசினால் மறுமுனையில் ஒருவர் மிக்க மரியாதையுடன் பேசுகிறார். நோட்டின் படத்தை அனுப்பச் சொல்லுகிறார்; பார்த்துவிட்டுச் சில லக்ஷங்கள் என்று விலை கூறுகிறார். பின்னர் ரிஸர்வ் பாங்கியின் பெயரும் சின்னமும் பொறித்த ஒரு கடிதம் வந்து சேருகிறது. அதன் பிறகு பதிவுக் கட்டணம் என்று ஒரு தொகை, வரி என்று ஒரு தொகை, கமிஷன் என்று ஒரு தொகை. கட்டக் கட்டப் புதிய கட்டணம் முளைக்கிறது. லக்ஷம் மட்டும் வருவதில்லை. பொருளை விற்பவன் பணம் வாங்குவதுதான் உலக வழக்கம். விற்பவனே பணம் கொடுக்க வேண்டுமென்று எவன் சொன்னாலும் அவன் வியாபாரியல்லன் என்பதை நம் ஜனங்கள் அறியாதவர்களல்லர். சந்தையில் மாடு விற்கப் போனவனிடம் தரகர் முன்பணம் கேட்டால் அவன் சிரித்துவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்பியிருப்பான். ஆனால் லக்ஷம் என்ற சொல் காதில் விழுந்தவுடன் அந்த இயல்பான விவேகம் மறைந்து போகிறது.

ரிஸர்வ் பாங்கி இவ்விஷயத்தில் மௌனமாக இருந்துவிடவில்லை. 1921 அல்ல, 2021-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்திலேயே, பழைய நோட்டுக்களையும் நாணயங்களையும் வாங்கி விற்பதில் தனக்கு யாதொரு சம்பந்தமுமில்லை என்றும், அதற்காக எவரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்றும், தன் சார்பில் வசூலிக்க எந்த ஸ்தாபனத்துக்கும் நபருக்கும் அதிகாரம் அளிக்கவில்லை என்றும் அது பிரகடனம் செய்தது. பிரகடனம் வெளிவந்ததே தவிர, அது யாருக்குச் சேர வேண்டுமோ அவர்களுக்குச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி.

நோட்டில் நம்பர் எதற்காக இருக்கிறது என்பதைச் சிறிது கவனிப்போம். 1861-ஆம் வருஷத்துக் காகிதப் பணச் சட்டத்தின்படி கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய வட்டங்களில் சர்க்கார் நோட்டுக்கள் புழங்கத் தொடங்கிய காலத்தில், பெருந்தொகையைத் தபாலில் அனுப்ப விரும்பிய வர்த்தகர்கள் நோட்டை இரண்டாகக் கத்தரித்து ஒரு பாதியை முதலில் அனுப்புவார்கள். அது சேர்ந்த செய்தி கிடைத்த பின்னரே மறு பாதி புறப்படும். இரு பாதிகளிலும் நம்பர் அச்சாகியிருந்தபடியால், இரண்டும் ஒரே நோட்டின் பகுதிகள் என்பதை ஒட்டிப் பார்த்து நிச்சயிக்க முடிந்தது. வழியில் ஒரு பாதியைத் திருடியவனுக்கு அதனால் பயனில்லை. திருடனிடமிருந்து ஜனங்களைக் காத்த அந்த நம்பரையே இன்று திருடன் தூண்டிலாக்கிக்கொண்டான்!

இனி 786-க்கு வருவோம். 'பிஸ்மில்லா' எனத் தொடங்கும் திருவாக்கியத்தின் எழுத்துக்களுக்கு அரபு முறைப்படி உரிய எண்களைக் கூட்டினால் வரும் தொகை இது. முஸ்லிம் சகோதரர்கள் பலரும், பிற மதத்தினர் சிலரும் இவ்வெண் கொண்ட நோட்டைச் செலவழியாமல் பக்தியோடு வைத்திருப்பதுண்டு. அந்தப் பக்தியைப் பற்றி நாம் சொல்ல ஒன்றுமில்லை. அருமை என்பதைப் பற்றி மட்டும் சொல்லலாம். நோட்டில் முன்னெழுத்துக்களுக்குப் பின் ஆறு இலக்கங்கள் வருகின்றன. ஒரு முன்னெழுத்து வரிசையின் ஏறக்குறையப் பத்து லக்ஷம் எண்களில் 786 என்ற தொடர் எங்கேனும் அமைந்தவை 3,999. அதாவது சுமார் 250 நோட்டுக்கு ஒன்று. கல்லாவில் உட்காரும் கடைக்காரர் கண்ணில் இது அடிக்கடி படாமலிராது. இத்தகைய நோட்டுக்கு எவன் லக்ஷம் கொடுப்பான்? ஆறு இலக்கமும் ஒன்றேயான 111111 முதல் 999999 வரையிலான நோட்டுக்களோ ஒரு வரிசையில் ஒன்பதே. 000001 ஒன்றே ஒன்று. உண்மையான சேகரிப்பாளர்கள் அதிக விலை கொடுப்பது இத்தகையவற்றுக்கே. அதுவும் நோட்டு மடிப்பின்றிப் புதிதாயிருந்தால்.

நட்சத்திரக் குறியுள்ள நோட்டைப் பற்றியும் வதந்திகள் உண்டு. அச்சில் பழுதானவற்றை நூறு நோட்டுக் கட்டிலிருந்து எடுத்துவிட்டு, அவற்றுக்குப் பதிலாக வைக்கும் நோட்டில் இக்குறியை இடும் முறை 2006-இல் வந்தது. இவை கள்ள நோட்டுக்கள் என்று சிலர் கிளப்பிவிட, மற்றெந்த நோட்டையும் போலவே இவையும் செல்லுபடியாகும் என்று 2023 ஜூலையில் ரிஸர்வ் பாங்கி விளக்க நேர்ந்தது.

நோட்டுச் சேகரிப்பையே நாம் பரிகசிப்பதாக நேயர்கள் எண்ணலாகாது. அது சரித்திர ஞானத்தை வளர்க்கும் பொழுதுபோக்கு. 1938-இல் வெளிவந்த ரிஸர்வ் பாங்கியின் முதல் ஐந்து ரூபாய் நோட்டில் ஜேம்ஸ் டெய்லரின் கையொப்பம். 1943-இல் முதல் இந்திய கவர்னரான சிந்தாமண் தேஷ்முக் பதவியேற்ற பின் ஓர் இந்தியரின் கையொப்பம். பிரிவினையின்போது பாகிஸ்தான் சர்க்கார் என மேலச்சிட்டுப் புழங்கிய நம் நோட்டுக்கள். 1949-இல் அரசனின் தலை போய் அசோக ஸ்தம்பம் ஏறிய ஒரு ரூபாய் நோட்டு. இவற்றை வரிசையாக அடுக்கி வைத்திருப்பவரிடம் ஒரு நாழிகை பேசினால் பள்ளிப் புஸ்தகத்தில் கிடைக்காதது கிடைக்கும். சட்டமும் இதை அங்கீகரித்திருக்கிறது. 2016-இல் ரத்தான 500, 1,000 ரூபாய் நோட்டுக்களைப் பத்துக்கு மேல் வைத்திருப்பது 2017-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றமாயினும், ஆராய்ச்சிக்கும் சேகரிப்புக்கும் 25 வரை அனுமதி உண்டு. மிஞ்சினால் அபராதம் 10,000 ரூபாய், அல்லது முகமதிப்பின் ஐந்து மடங்கு, எது அதிகமோ அது. அந்த நோட்டுக்களையும் வாங்குவதாக ஆசை காட்டுகிறவனை நம்பி மூட்டை சேர்ப்போர் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

ஏமாந்தவர்கள் வெட்கத்தால் வாய் திறவாதிருப்பது மோசக்காரனுக்குப் பெரிய அனுகூலம். பணம் போனவுடன் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்தால், அது கைமாறுமுன் தடுத்து நிறுத்த வழியுண்டு. தாமதித்தால் அவ்வழி குறுகும். போலீஸாரும், "உன்னை யார் ஆசைப்படச் சொன்னது?" என்று புகார் கொடுப்பவரையே கடிந்து அனுப்பலாகாது. விளம்பரத்தைப் பரப்பிக் காசு பெறும் கம்பெனிகளையும் சர்க்கார் விசாரிக்க வேண்டும். பாங்கிகள் செய்ய வேண்டிய காரியமோ மிக எளிது. ரிஸர்வ் பாங்கியின் அந்தப் பிரகடனத்தைத் தமிழில் நான்கு வரியாகப் பெரிய எழுத்தில் எழுதிக் கிளைகளின் வாசலில் ஒட்டுவதற்கு ஒரு தாளும் சிறிது பசையுமே தேவை.