பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீங்க!



'காலம் பொன் போன்றது' என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்தப் பொன்னை எப்படிச் செலவு பண்ணணும் என்பதில்தான் எனக்கும் பெரியவங்களுக்கும் கருத்து வேறுபாடு. பரீட்சை நெருங்கினால் பள்ளிகளில் முதலில் காணாமல் போவது பி.டி. பீரியடும் டிராயிங் பீரியடும்தான். கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்குவார்கள். வாங்கிய கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை.

"விளையாடினா மார்க் வருமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு சர் சி.வி. ராமன் வாழ்க்கையே பதில் சொல்லும். திருச்சியில் பிறந்த அவர், 1907-ல் 18 வயதிலேயே கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி ஆனார். பகலெல்லாம் கணக்கு வழக்கு. ஆபீஸ் போவதற்கு முன்னாலும், முடிந்த பின்னாலும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்துக்குப் போவார். 1917-ல் பேராசிரியர் ஆகும்வரை பெரும்பாலும் இதேதான். அங்கே அவர் ஆராய்ந்தது என்ன தெரியுமா? வயலின், வீணை, மிருதங்கம்! மற்ற மேளங்களை விட மிருதங்கம் ஏன் இனிமையாக ஒலிக்கிறது, அதன் நடுவில் உள்ள கறுப்பு வட்டம் என்ன வேலை செய்கிறது என்று விளக்கினார். 1921-ல் கப்பலில் வரும்போது, கடல் ஏன் நீலமா இருக்கு என்று யோசித்தார். அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போய்த்தான் 1928 பிப்ரவரி 28-ல் 'ராமன் விளைவு' பிறந்தது. 1930-ல் நோபல் பரிசு. பாட்டுக் கேட்பதும் கடலைப் பார்ப்பதும் வெட்டி வேலை என்று அவர் நினைத்திருந்தால் இது நடந்திருக்குமா?

"அப்போ பிடிச்சதை மட்டும் செஞ்சா போதுமா?" என்றால், அதுவும் கூடாது. கணிதமேதை ராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் கணக்கிலேயே மூழ்கி, மற்ற பாடங்களைக் கவனிக்காததால் ஸ்காலர்ஷிப்பை இழந்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா வேலை பார்த்தார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சுதானே. எனவே படிப்பும் வேணும், விளையாட்டும் வேணும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. ராமன் காலையில் ஆய்வுக்கூடம் கிளம்பும்போது வாசல் தெளித்துக் கோலம் போடும் வேலை அவருக்கு இருந்திருக்காது. நம்ம ஓமந்தூர் பொண்ணுங்க நிலைமை வேற. கைடில் போட்டிருக்கும் மாதிரி டைம் டேபிளைப் பாருங்கள். காலை 5 மணி படிப்பு, மாலை 5 மணி விளையாட்டு, இரவு 7 மணி மறுபடி படிப்பு. தண்ணி பிடிக்கிறது, பாத்திரம் தேய்க்கிறது, மாட்டுக்குப் புல்லு போடுறது, தம்பியைப் பார்த்துக்கிறது எல்லாம் எந்தக் கட்டத்தில் இருக்கு?

ஸ்கூல் விட்டதும் பையன்கள் மட்டையைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவாங்க. நாங்க போனா, "பெரிய பொண்ணுக்கு என்னடி ஓட்டம்?" என்ற அதட்டல் வரும். நாங்க ஓடுறதுக்கு இருக்கிற ஒரே நேரம் பி.டி. பீரியட்தான். அதைக் கடன் வாங்கினால் பையன்களுக்கு நஷ்டம் ஒரு பீரியட். எங்களுக்கு அந்த வாரத்து விளையாட்டே நஷ்டம்.

ஆகவே எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். மதிப்பிற்குரிய ஆசிரியர்களே, எங்க மார்க்குக்காகத்தான் பீரியட் கேட்கிறீங்க என்று தெரியும். ஓடிட்டு வந்து உட்கார்ந்தால் கணக்கு இன்னும் நல்லாவே மண்டையில் ஏறும். அன்புள்ள அம்மா, அப்பா, மாலையில் அரை மணி நேரம் எங்களையும் விடுங்க. தோழர்களே, ஆளுக்கு ரெண்டு குடம் தண்ணி தூக்குங்க. உங்க அக்கா தங்கச்சிக்கு அந்த அரை மணி கிடைக்கும்.

காலம் பொன் என்றால் அதை வீட்டில் உள்ள எல்லாருக்கும் பங்கு போடுவோம். சிந்திப்பீர்!



– 9-ஆம் வகுப்பு மாணவி