மண்ணின் பேரைக் காப்போம்!



இத்தாலியில் 'கியாந்தி' என்றொரு திராட்சை ஒயின் உண்டு. அது கம்பெனி வச்ச பேர் இல்லை. டஸ்கனி மாநிலத்துக் குன்றுகளோட பேர். 1716-லேயே அந்நாட்டை ஆண்ட மூன்றாம் கோசிமோ எல்லை போட்டு ஆணையிட்டார். 1963-ல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. எல்லைக்கு வெளியே அதே கொடியை நட்டாலும் அந்தப் பேரைப் போட முடியாது. மண்ணுக்கே மரியாதை!

நமக்கு ஒயின் வேணாம். அந்த மரியாதை வேணும். 2023-ல் நம்ம வேலூர் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கும், தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் இதே போல புவிசார் குறியீடு கிடைச்சது. சந்தோஷம்தான். ஆனால் மண்ணே கெட்டுப்போனால் பேரை வச்சு என்ன பண்றது?

பாலாற்றங்கரையில் தோல் கழிவு கிணத்துத் தண்ணியை உப்பாக்கி, பயிரைக் கருக வச்சது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அரசு முதலில் நஷ்டஈடு கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும் என்று 2025 ஜனவரி 30-ல் மறுபடியும் உத்தரவிட்டது.

நாம் கேட்பது மூன்றே:

1. பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் முழு நஷ்டஈடு கொடு!
2. ஊர்வாரியாக மண்ணையும் கிணத்துத் தண்ணியையும் சோதித்து, முடிவைக் கிராம சபையில் படி!
3. குறியீடு பெற்ற விளைபொருளுக்குக் கட்டுப்படியான விலை கொடு!

பேர் ஏட்டில் இருந்தால் போதாது, நிலத்தில் விளையணும். வீட்டுக்கு ஒருவர் வாரீர்! ஒன்றுபடுவோம்! போராடுவோம்!