ஓங்கிலுக்கு ஒரு நியாயம், பேய்க்கணவாய்க்கு ஒரு நியாயமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள்.

2016 ஜனவரியில் நம் திருச்செந்தூர் பக்கம் ஆலந்தலை, கல்லாமொழி, மணப்பாடு கரைகளில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கியது பலருக்கு நினைவிருக்கும். மீனவர்கள் கடலுக்குள் தள்ளித் தள்ளி விட்டார்கள். சில திரும்பவும் கரைக்கே வந்தன. நாற்பதுக்கும் மேல் செத்துப்போயின. நாடே வருத்தப்பட்டது. அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை.

குறை வேறு இடத்தில். திமிங்கிலத்தையும் ஓங்கிலையும் ஏன் காக்க வேண்டும் என்று கேட்டால், "அது அறிவுள்ள பிராணி" என்பதுதான் முதல் பதில். 2013இல் ஓங்கில் காட்சிக்கூடங்களுக்கு மத்திய அரசு தடை போட்டபோதும் இதையே ஒரு காரணமாகச் சொன்னது. நல்ல முடிவுதான். ஆனால் அறிவுதான் அளவுகோல் என்றால் பேய்க்கணவாயை ஏன் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை?

அதாவது ஆக்டோபஸ். அதற்கு ஏறத்தாழ 50 கோடி நரம்பு செல்கள். அதில் பெரும்பங்கு எட்டுக் கைகளில் இருக்கிறது. மூடி போட்ட ஜாடியைத் திறக்கும். இந்தோனேசியக் கடலில் தேங்காய்ச் சிரட்டையைத் தூக்கிக்கொண்டு போய், வேண்டிய இடத்தில் வீடாக வைத்துக்கொள்கிறது. அதன் பங்காளி ஓட்டுக்கணவாயைச் சோதித்த முடிவு 2021இல் வெளியானது. பிடித்த இரை பிறகு கிடைக்கும் என்று தெரிந்தால், எதிரில் இருக்கும் இரையைத் தொடாமல் இரண்டு நிமிடம் வரைகூடப் பொறுத்திருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மிட்டாயைக் காட்டி இதைச் செய்து பாருங்கள், தெரியும்!

உண்மைக் காரணம் முகம்தான். ஓங்கில் சிரிப்பது போல இருக்கிறது. அது சிரிப்பே அல்ல, தாடையின் அமைப்பு. சாகும்போதும் அந்த முகம் அப்படியேதான் இருக்கும். குட்டிக்குப் பால் கொடுக்கிறது, குரல் எழுப்புகிறது, நம் சொந்தம் போலத் தெரிகிறது. எலும்பில்லாமல் வழுக்கிக்கொண்டு போவதற்கு நாம் வைத்த பெயரிலேயே "பேய்" இருக்கிறது.

"கணவாய் ஏராளமாகப் பெருகும், திமிங்கிலம் ஒரு குட்டிதானே போடும்" என்பீர்கள். நியாயமான பேச்சு. அப்படியானால் எண்ணிக்கை என்று சொல்லுங்கள், அறிவு என்று சொல்லாதீர்கள். மூளையே இல்லாத கடல் அட்டையை 2001இல் முதல் அட்டவணையில் சேர்த்தார்களே, அது அறிவைப் பார்த்தா?

கணவாய் சாப்பிடாதே என்று நான் சொல்லவில்லை. அதை நம்பிக் கடலுக்குப் போகிற குடும்பங்கள் உண்டு. கேட்பது இரண்டுதான். பிடித்ததை நெடுநேரம் துடிக்க விடாமல் சட்டென்று கொல்ல ஒரு முறை வகுக்க வேண்டும். 1960ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி மனிதர் அல்லாத எந்த உயிரும் விலங்குதான். புதுச் சட்டம்கூட வேண்டாம். பிரிட்டன் 2022இல் கணவாய் இனத்தை உணர்வுள்ள உயிர்கள் என்றே சட்டத்தில் எழுதிவிட்டது.

இன்னொன்று, பேய்க்கணவாயைத் தொட்டியில் அடைத்து வளர்க்கும் பண்ணை. அமெரிக்காவில் வாஷிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள் 2024இலேயே அதற்குத் தடை போட்டன. நாம் இறால் பண்ணைகள் கடற்கரை முழுக்க வந்து நிலமும் நீரும் கெட்ட பிறகுதான் உச்ச நீதிமன்றம் போனோம். 1996இல் தீர்ப்பு வந்தது. இதற்காவது முன்கூட்டியே தடை போடச் சொல்லிக் கேட்போம்.