அந்தச் சின்னச் சில்லையும் கொஞ்சம் தொடுங்கோ

வீட்டில இருந்தபடியே லப்டொப்பில பாட்டுச் செய்து வெளியிடுற ஆக்கள் இப்ப எங்கட பக்கம் கனபேர். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பாட்டுகளில வயலினோ புல்லாங்குழலோ வாற இடங்களை ஒருக்காக் கவனிச்சுக் கேளுங்கோ. கனக்க இடங்களில சுரம் தொடங்கின உடனேயே நடுங்கத் தொடங்கும். முடியும்வரைக்கும் ஒரே வேகம், ஒரே அளவு. வயலின் வாசிக்கிற ஒருத்தரும் அப்பிடி வாசிக்கிறேல்ல.

இந்த நடுக்கத்தைத்தான் வைப்ரேட்டோ எண்டு சொல்லுறது. மேற்கத்தைய வயலினில் இடக்கை விரல் தந்தியில் முன்னும் பின்னும் அசைய, சுருதி செக்கனுக்கு ஏறத்தாழ 5 தொடக்கம் 7 தடவை ஏறி இறங்கும். ஒரு நீண்ட சுரத்தை அசையாமல் தொடங்கி, பிறகு மெல்ல அசைக்கலாம். உணர்ச்சி கூடேக்க அகலத்தையும் வேகத்தையும் கூட்டலாம். மென்பொருளில் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்யிறது எல்எஃப்ஓ எண்ட மெதுவான அலை. அதைச் சும்மா விட்டால் மணிக்கூடு மாதிரித்தான் ஓடும்.

இதுக்காகப் புது மென்பொருள் வாங்கத் தேவையில்லை. பெரும்பாலான கீபோர்ட்டுகளின்ர இடப்பக்கத்தில இருக்கிற மொடுலேஷன் சில்லு 1970இல் வந்த மினிமூக்கிலேயே இருந்தது. 1983இல் வந்த மிடி முறையில் அதன் இலக்கம் சிசி 1. 0 தொடக்கம் 127 வரை 128 படிகள். சில ஓர்க்கெஸ்ட்ரா வாத்தியங்களில சிசி 1 வாசிப்பின்ர அழுத்தத்தை மாத்தும், வைப்ரேட்டோ வேற இலக்கத்தில இருக்கும். அதைத் தேடிப் பிடிச்சு ஒரு சில்லோடயோ குமிழோடயோ இணையுங்கோ. சுரத்தை அமத்தேக்க சில்லைக் கீழ வைச்சிருந்து, பாதியில மெல்ல ஏத்தி, முடிய முதல் இறக்கிப் பாருங்கோ. மௌஸால கோடு கீறுறதைவிட இது நல்லம். கை போட்ட அந்தக் கோணல் கோட்டிலதான் உயிர் இருக்கு.

எங்கட இசைக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு. கமகம் எண்டது வைப்ரேட்டோ இல்லை. தோடியில் காந்தாரம் அசையிறது அலங்காரத்துக்காக இல்லை. அந்த அசைவுதான் அதைத் தோடியின் காந்தாரமாக்குது. மொடுலேஷன் சில்லு அதைத் தராது. பக்கத்தில இருக்கிற பிச் பென்ட் சில்லுதான் வேணும். அது வழமையாக மேலும் கீழும் 2 அரைச்சுரம் வளைக்கும், 16,384 படிகளில. ஆனால் சாதாரண மிடியில் அந்தச் சனலில ஒலிக்கிற எல்லாச் சுரமும் சேர்ந்து வளையும். அதால மெட்டைத் தனிச் சனலில, ஒரு நேரத்தில் ஒரு சுரமாக வாசிக்கவேணும்.

“போனில கேக்கிறவைக்கு இதெல்லாம் விளங்குமோ?” எண்டு கேப்பினம். பேர் சொல்லத் தெரியாட்டியும், ஏதோ இடிக்குது எண்டு காதுக்குத் தெரியும். என்ர கவலை, அது இடிக்காமலே போற நாளைப் பற்றினது. ஒரே மாதிரி நடுங்கிற வயலினை மட்டும் கேட்டு வளந்தால், அதுதான் வயலின் எண்டு எங்கட காது பழகிப்போயிடும்.

வயலின் வாசிக்கிறவருக்குக் குடுக்கக் காசில்லாமல்தான் கனபேர் மென்பொருளுக்குப் போகினம். அதில பிழையில்லை. ஆனால் ஒரு மனிசர் இருந்த இடத்தில மென்பொருளை வைச்சால், அவரின்ர கை செய்த வேலையை எங்கட கைதான் செய்யவேணும். வலக்கை மெட்டை வாசிக்கட்டும். இடக்கை சும்மாதானே இருக்கு.